தெற்காசியாவில் முதலிடம், ஆசியாவில் பின்வரிசை: இந்திய மகளிர் கைப்பந்து அணி கடந்துவந்த பாதை

1952ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மாஸ்கோவில் நடைபெற்ற முதலாவது உலக மகளிர் கைப்பந்துப் போட்டியில் பங்கேற்றவை எட்டே அணிகள். அவற்றுள் சோவியத் ஒன்றியம், போலந்து, செக்கோஸ்லோவாக்கியா, பல்கேரியா, ருமேனியா, ஹங்கேரி, பிரான்சு ஆகிய ஏழும் ஐரோப்பிய ஆட்டமரபில் வந்தவை, எட்டாவது அணி இந்தியா. அந்தப் போட்டியில் இந்திய மகளிருக்குக் கடைசி இடமே கிடைத்தது என்றாலும், ஆசியக் கைப்பந்தின் சார்பில் அங்கே களமிறங்கிய ஒரே மகளிர் அணி அதுவே. சீனா 1956இல் பாரிசிலும், ஜப்பான் 1960இல் பிரேசிலிலும்தான் உலக அரங்கில் முதன்முறையாக ஆடின. பின்னால் வந்த ஜப்பான் 1962இல் உலகப் பட்டத்தையும் 1964இல் ஒலிம்பிக் தங்கத்தையும் வென்றது. சீனா 1980களில் உலகக் கோப்பை, உலகப் போட்டி, ஒலிம்பிக் என அடுத்தடுத்துப் பட்டங்களைக் குவித்தது. முன்னால் சென்ற இந்தியாவோ இன்றுவரை ஒலிம்பிக்கில் ஒருமுறைகூட மகளிர் கைப்பந்து ஆடியதில்லை. 32 நாடுகளுக்கு இடமளித்து 2025இல் தாய்லாந்தில் நடத்தப்பட்ட உலகப் போட்டியிலும் அதன் பெயர் இல்லை. இந்த இடைவெளி எப்படி உண்டாயிற்று என்பதை அறிய, ஆட்டக்காரர்களின் திறமையைப் பார்ப்பதோடு நில்லாமல், அவர்களுக்கு உள்நாட்டில் கிடைக்கும் ஆட்டங்களின் தரத்தையும் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

சென்னை வழியாக வந்த ஆட்டம்

கைப்பந்து 1895இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஹோலியோக் நகரில், ஒய்.எம்.சி.ஏ. எனப்படும் கிறித்தவ இளைஞர் சங்கத்தின் உடற்பயிற்சி இயக்குநராக இருந்த வில்லியம் ஜி. மார்கன் என்பவரால் உருவாக்கப்பட்டது. கூடைப்பந்தைப் போல உடலோடு உடல் மோதாமல், நடுத்தர வயதினரும் ஆடக்கூடியதாக ஒரு விளையாட்டு வேண்டும் என்பதே அவருடைய நோக்கமாக இருந்தது. அதே சங்கத்தின் கிளைகள் வழியாகவே அது ஆசிய நாடுகளுக்கும் பரவியது. இந்தியாவில் அந்தப் பரவலுக்கு முதன்மையான வாயிலாக அமைந்தது சென்னை. ஹாரி குரோ பக் என்பவர் 1920இல் இந்நகரில் தொடங்கி, பின்னர் நந்தனத்தில் நிலைபெற்ற ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியில் பயின்று வெளியேறிய ஆசிரியர்கள், தாங்கள் பணியேற்ற பள்ளிகள்தோறும் இரண்டு கம்பங்களையும் ஒரு வலையையும் நிறுத்தி இந்த ஆட்டத்தைக் கற்பித்தனர். குறைந்த இடம், ஒரே பந்து, மலிவான வலை ஆகியவை போதும் என்பதால், மட்டைப்பந்துக்குத் திடல் இல்லாத சிற்றூர்ப் பள்ளிகளிலும் கைப்பந்து வேரூன்றியது; திருவிழாக் காலங்களிலும் பொங்கல் நாள்களிலும் நடக்கும் மின்னொளிக் கைப்பந்துப் போட்டிகள் தமிழகத்து ஊர்ப்புறங்களில் இன்றும் கூட்டத்தை ஈர்க்கின்றன. 1947இல் பாரிசில் பன்னாட்டுக் கைப்பந்துக் கூட்டமைப்பும், 1951இல் இந்தியக் கைப்பந்துக் கூட்டமைப்பும் அமைக்கப்பட்டன. அமைப்பு தோன்றிய மறு ஆண்டே மகளிர் அணி மாஸ்கோ சென்றது என்பது, அக்காலத்து ஆர்வத்தின் வேகத்தைக் காட்டுகிறது.

ஆட்டத்தின் உள்ளமைப்பு

அணியின் முடிவுகளைப் புரிந்துகொள்ள, ஆட்டத்தின் அடிப்படைகளைச் சுருக்கமாகவேனும் அறிந்திருப்பது நல்லது. 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் உள்ள ஆடுகளத்தை நடுவில் வலை பிரிக்கிறது. ஆடவருக்கு வலையின் உயரம் 2.43 மீட்டர், மகளிருக்கு 2.24 மீட்டர். ஒவ்வோர் அணியிலும் அறுவர் களத்தில் நிற்பர். எதிரணியிடமிருந்து வரும் பந்தை மூன்று தொடுதல்களுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும், ஒருவரே இருமுறை தொடர்ந்து தொடக் கூடாது. முதல் தொடுதல் பந்தைத் தாங்கி எடுப்பது. இரண்டாவது, அடிப்பதற்கு ஏற்ற உயரத்தில் அதைத் தூக்கிக் கொடுப்பது. மூன்றாவது, எகிறி அடிப்பது; இதைச் செய்பவர் அட்டாக்கர். இரண்டாவது தொடுதலைச் செய்பவரைச் செட்டர் என்பர். எந்த அட்டாக்கருக்கு, எந்த உயரத்தில், எவ்வளவு விரைவாகப் பந்தைக் கொடுப்பது என்பதை நொடிப்பொழுதில் முடிவு செய்பவர் அவர் என்பதால், ஓர் அணியின் தரம் பெரும்பாலும் அதன் செட்டரின் தரமாகவே இருக்கும்.

எதிரணியின் அடியை வலையருகே எகிறிக் கைகளால் மறிப்பது பிளாக் எனப்படும். பந்தை முதலில் அடித்து ஆட்டத்தைத் தொடங்கும் சர்வீஸ் உரிமையை எதிரணியிடமிருந்து பெறும்போதெல்லாம் ஆட்டக்காரர்கள் ஓரிடம் நகர்ந்து சுழல வேண்டும் என்ற விதி இருப்பதால், உயரமானவர்கள் எப்போதும் வலையருகிலேயே நிற்க இயலாது. 1990களின் இறுதியில் வந்த இரண்டு மாற்றங்கள் ஆட்டத்தின் போக்கையே மாற்றின. சர்வீஸ் செய்யும் அணி மட்டுமே புள்ளி பெறும் பழைய முறை நீக்கப்பட்டு, ஒவ்வொரு பந்துக்கும் புள்ளி என்ற முறையும் 25 புள்ளிகள் கொண்ட செட்டும் நடைமுறைக்கு வந்தன. பின்வரிசையில் பந்தெடுப்பதற்கென்றே லிபரோ என்னும் தனி ஆட்டக்காரர் அனுமதிக்கப்பட்டார், அவர் மாறுபட்ட நிறச் சட்டை அணிந்திருப்பார். பழைய முறையில் ஒரு தவறுக்குச் சர்வீஸ் மட்டும் கைமாறிய நிலை போய், இப்போது ஒவ்வொரு தவறும் எதிரணிக்கு ஒரு புள்ளியாகிறது. ஆகவே நெருக்கடியான கட்டங்களில் தவறு செய்யாமல் ஆடும் பழக்கம், அதாவது கடுமையான ஆட்டங்களைப் பலமுறை ஆடிப் பெற்ற பழக்கம், முன்னெப்போதையும்விட இன்றியமையாததாகிவிட்டது.

இருவேறு பதிவுகள்

இந்திய மகளிர் அணியின் பன்னாட்டுப் பதிவைத் தெற்காசிய எல்லைக்குள் வைத்துப் பார்த்தால் அது வெற்றியின் கதையாகவே தோன்றும். 2016இல் குவாஹாத்தியில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டியின் இறுதியாட்டத்தில் இந்தியா இலங்கையை வென்று தங்கம் பெற்றது. கைப்பந்தை 1991இலேயே தேசிய விளையாட்டாக அறிவித்துப் போற்றிவரும் நாடு இலங்கை என்பதை எண்ணினால் அந்த வெற்றியின் மதிப்பு விளங்கும். 2019 டிசம்பரில் காத்மண்டுவில் நடந்த அடுத்த போட்டியின் இறுதியில், உள்ளூர்க் கூட்டத்தின் ஆரவாரத்துக்கு நடுவே ஆடிய நேபாளத்தை 3–2 என்ற செட் கணக்கில் வென்று இந்தியா பட்டத்தைத் தக்கவைத்தது. 2023 மே மாதத்தில் அதே நகரில் நடத்தப்பட்ட மத்திய ஆசிய மண்டலச் சேலஞ்ச் கோப்பையின் இறுதியாட்டத்தில் கஜகஸ்தானை வென்றது, தெற்காசிய வட்டத்துக்கு வெளியே கிடைத்த வெற்றி என்ற வகையில் தனியே குறிப்பிடத்தக்கது. ஹரியாணாவைச் சேர்ந்த நிர்மல் தன்வர் அண்மை ஆண்டுகளில் இந்த அணியை வழிநடத்தியவர்களுள் ஒருவர். கேரளத்தின் மினிமோல் ஆபிரகாம் 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் அணித்தலைவராக இருந்தார்.

பார்வையை ஆசியா முழுமைக்கும் விரித்தால் பதிவு வேறாகிறது. ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் ஆடவர் கைப்பந்து 1958 முதலும் மகளிர் கைப்பந்து 1962 முதலும் இடம்பெற்று வருகின்றன. இந்திய ஆடவர் அணி 1958இல் வெண்கலம், 1962இல் வெள்ளி, 1986இல் மீண்டும் வெண்கலம் என மூன்று பதக்கங்களைப் பெற்றிருக்கிறது. மகளிர் அணிக்கு அப்படி ஒன்றும் இல்லை. 1982இல் தில்லியில் சொந்த மண்ணில் நடந்த போட்டியிலும் பதக்கங்கள் சீனா, ஜப்பான், தென்கொரியா ஆகிய மூன்றுக்குமே சென்றன. 1962 முதல் இன்றுவரை மகளிர் கைப்பந்தில் ஆசிய விளையாட்டுத் தங்கத்தை இந்த மூன்று நாடுகளைத் தவிர வேறு எந்த நாடும் வென்றதில்லை. இன்சியான், ஜகார்த்தா, ஹாங்சோ என அண்மைப் போட்டிகளிலும் இந்திய மகளிர் ஆடினர். 2023இல் ஹாங்சோவில் வட கொரியாவிடமும் சீனாவிடமும் தோற்று, ஒன்பதாம் இடம் முதலான தரவரிசை ஆட்டங்களுக்குத் தள்ளப்பட்டனர். 1975இல் மெல்பர்னில் தொடங்கிய ஆசிய மகளிர் கைப்பந்துப் போட்டியிலும் இந்தியாவுக்குப் பதக்கம் கிடைத்ததில்லை. 2024இல் மணிலாவில் நடந்த ஆசியச் சேலஞ்ச் கோப்பையில், ஒரு காலத்தில் இந்தியாவுக்கு நிகரான நிலையில் இருந்த வியட்நாம் பட்டம் வென்றது, பிலிப்பீன்ஸ் வெண்கலம் பெற்றது. இந்திய அணி பதக்கச் சுற்றை எட்டவில்லை.

தனிமனிதத் திறமைக்கு இந்த அணியில் பஞ்சம் இருந்ததில்லை. கே. சி. ஏலம்மா 1975இலும், சாலி ஜோசப் 1984இலும் அர்ஜுனா விருது பெற்றனர்; இருவருமே கேரளத்தவர். அதன் பிறகு ஆடவர் பலருக்குக் கைப்பந்துக்காக இவ்விருது வழங்கப்பட்டிருக்க, மகளிரின் பெயர்கள் அப்பட்டியலில் அருகிப்போனது, அணியின் சரிவையும் அதன்மீது விழுந்த கவனத்தின் குறைவையும் ஒருசேரக் காட்டுகிறது.

உயரமா, ஆட்டங்களா?

இந்திய மகளிரின் பின்னடைவுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் உயரம். 2.24 மீட்டர் வலைக்கு மேலே நடக்கும் ஆட்டத்தில் உயரத்துக்குப் பங்குண்டு என்பதில் ஐயமில்லை. சீனாவின் ஜூ டிங் 1.98 மீட்டர் உயரமுள்ளவர். ஆயினும் உயரம் ஒன்றே முடிவைத் தீர்மானிப்பதாக இருந்தால், ஜப்பானும் தாய்லாந்தும் ஆசிய முன்வரிசையில் இருந்திருக்க இயலாது. உயரத்தில் ஐரோப்பியருக்கு ஈடாகாத தாய்லாந்து மகளிர், தாழ்வான விரைவுப் பந்துகளையும் செட்டரின் சாதுரியத்தையும் நம்பி ஆடி, 2009இல் ஹனோயில் சீனாவை வென்று ஆசியப் பட்டம் பெற்றனர். 2013இலும் 2023இலும் அதே பட்டம் மீண்டும் அவர்களிடம் சென்றது. பயிற்சியாளர் கியாத்திபோங்கின் கீழ் இளவயதிலேயே தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரே தலைமுறையினர் பல ஆண்டுகள் சேர்ந்து ஆடியதும், அவர்களில் பலர் வெளிநாட்டு லீக்குகளில் ஆடிப் பழகியதும் அந்த வளர்ச்சிக்குப் பின்னணியாக அமைந்தன.

நிறுவனங்களின் வேலைவாய்ப்பை நம்பி இயங்குவதே இந்திய அணியின் குறை என்பது இன்னொரு விளக்கம். இதுவும் அப்படியே ஏற்கத்தக்கதன்று. 1964இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஜப்பான் அணியினர் பெரும்பாலும் நிச்சிபோ என்னும் நூற்பாலை நிறுவனத்தின் கைசூக்கா ஆலைப் பணியாளர்கள்; பகலில் வேலை, அதன் பிறகு நள்ளிரவு வரை பயிற்சி என்ற கடுமையான ஒழுங்கில் பயிற்சியாளர் தைமாட்சு அவர்களை உருவாக்கினார், விழுந்து உருண்டு எழுந்து பந்தெடுக்கும் முறையை உலகுக்குக் காட்டியவர்களும் அவர்களே. சோவியத் அணியுடனான கடைசி ஆட்டத்தின் தொலைக்காட்சி ஒளிபரப்பு ஜப்பானில் 66.8 விழுக்காடு பார்வை விகிதத்தைப் பெற்றதாகக் கணக்கிடப்பட்டது. ஆனால் ஜப்பான் அந்த ஓர் ஆலையோடு நின்றுவிடவில்லை. 1967இல் நிறுவன அணிகள் ஒன்றோடொன்று மோதும் லீக்கைத் தொடங்கியது. பட்டத்துக்குத் தகுதியுள்ள அணிகள் பல இருந்ததால், ஒவ்வோர் ஆட்டக்காரரும் ஆண்டுதோறும் கடினமான ஆட்டங்களை ஆடியே தீர வேண்டியிருந்தது.

இந்தியாவில் நடந்தது இதற்கு நேர்மாறு. விளையாட்டு ஒதுக்கீட்டின் வழியே நிலையான வேலை தரும் மிகப்பெரிய அமைப்பு ரயில்வே என்பதால், நாட்டின் சிறந்த மகளிர் பலரும் அங்கேயே சேர்ந்தனர். இறகுப்பந்து வீராங்கனை பி. வி. சிந்துவின் பெற்றோர் விஜயாவும் ரமணாவும் ரயில்வேயில் பணியாற்றிய தேசியக் கைப்பந்து ஆட்டக்காரர்களே. ரமணா 1986 சியோல் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற ஆடவர் அணியில் ஆடியவர். குடும்பத்துக்கு வருமானமும் ஆட்டக்காரருக்கு எதிர்காலமும் தந்த இந்த ஏற்பாடு இல்லாதிருந்தால் மகளிர் கைப்பந்து என்றோ நின்றுபோயிருக்கும் என்பது உண்மை. அதே வேளையில், சிறந்தவர்கள் அனைவரும் ஒரே சட்டையை அணிந்ததால், தேசியப் போட்டியில் ரயில்வே மகளிர் ஆண்டுக்கணக்கில் எளிதாக வென்றனர். எளிதான வெற்றிகளால் எவருக்கும் பயன் விளையவில்லை. கேரள மின்வாரியம் போன்ற இன்னொரு வேலையளிப்பாளர் வலுவான மகளிர் அணியை வளர்த்தெடுத்த பிறகே நிலைமை மாறியது. 2019 ஜனவரியில் சென்னையில் நடந்த தேசியப் போட்டியின் இறுதியில் கேரள மகளிர் ரயில்வேயின் நெடுங்கால ஆதிக்கத்தை முடிவுக்குக் கொண்டுவந்தனர். இரண்டாவது வலுவான அணி ஒன்று தோன்றினால் என்ன நிகழும் என்பதற்கு அது சான்று.

இதோடு நிர்வாகக் குழப்பமும் சேர்ந்துகொண்டது. உட்பூசலின் காரணமாக இந்தியக் கூட்டமைப்பை உலகக் கூட்டமைப்பு 2016 டிசம்பரில் இடைநீக்கம் செய்தது; தடை பின்னர் நீங்கியது என்றாலும் பூசல் ஓயவில்லை, 2023இல் ஆசிய விளையாட்டுக்கு அணி சென்ற காலத்தில் இவ்விளையாட்டு தற்காலிகக் குழு ஒன்றின் பொறுப்பில் இருந்தது. 2019இல் வந்த புரோ வாலிபால் லீக்கும், 2022இல் தொடங்கிய பிரைம் வாலிபால் லீக்கும் ஆடவருக்கு மட்டுமே உரியவையாக அமைந்தன. கைப்பந்தை 2017இல் தேசிய விளையாட்டாக அறிவித்த நேபாளமோ மகளிருக்கெனத் தனி லீக்கையே நடத்தியிருக்கிறது. நேபாளத்துடனான 2019 தெற்காசிய இறுதியாட்டம் ஐந்தாவது செட்டு வரை சென்றதை இந்தப் பின்னணியில் நோக்கினால், தெற்காசிய முதலிடமும் இனி எளிதில் கைகூடாது என்பது புலனாகும்.

தாம்பரம் முதல் கேளம்பாக்கம் வரை

தேசிய அணியின் சிக்கலுக்குத் தீர்வு தில்லியில்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. தமிழகத்தில் கைப்பந்து ஆடும் ஒரு பெண்ணின் பாதை பொதுவாகப் பள்ளி அணியில் தொடங்கி, அரசு விளையாட்டு விடுதி வழியாகவோ நேரடியாகவோ கல்லூரியை அடைந்து, விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலையில் முடிகிறது. மாநில அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உள்ளது. இந்தப் பாதையின் நடுக்கட்டமான கல்லூரிக் காலத்துக்கு உரிய நிறுவனங்கள், மாநிலத்தின் வேறெந்தப் பகுதியையும்விடத் தென்சென்னைப் புறநகர்களில் நெருக்கமாக அமைந்திருக்கின்றன.

2021 நவம்பரில் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம், பெருங்களத்தூர், சிட்லபாக்கம் உள்ளிட்ட ஊர்களை இணைத்து மாநகராட்சியாக உயர்த்தப்பட்ட தாம்பரத்தை மையமாகக் கொண்டு பார்த்தால் இது தெளிவாகும். கிழக்குத் தாம்பரத்தில் 1937 முதல் இயங்கும் சென்னைக் கிறித்தவக் கல்லூரி, சேலையூரிலும் பல்லாவரத்திலும் உள்ள தனியார் பல்கலைக்கழகங்கள், ஜி.எஸ்.டி. சாலையில் காட்டாங்குளத்தூரில் உள்ள எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகம், வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம், பழைய மாமல்லபுரம் சாலையில் செம்மஞ்சேரியிலும் படூரிலும் உள்ள பல்கலைக்கழகங்கள் ஆகிய அனைத்தும் புறநகர் ரயிலிலோ பேருந்திலோ ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அன்றே போய் அன்றே திரும்பக்கூடிய தொலைவில் உள்ளன. இவற்றுள் எஸ்.ஆர்.எம். கைப்பந்துக்கெனவே பெயர் பெற்றது. தென்மாவட்டங்களிலிருந்தும் கொங்குப் பகுதியிலிருந்தும் வரும் ஆட்டக்காரர்களுக்குக் கட்டணச் சலுகை, விடுதி, உணவு ஆகியவற்றைத் தந்து அணி திரட்டும் முறை இப்பகுதியின் பல நிறுவனங்களில் காணப்படுகிறது. மேலக்கோட்டையூரிலிருந்து உடற்கல்வி ஆசிரியர்களும் பயிற்சியாளர்களும் உருவாகிறார்கள்; நூறாண்டுகளுக்கு முன் நந்தனத்துக் கல்லூரி ஆற்றிய பணியின் தொடர்ச்சி என்றே இதைக் கொள்ளலாம்.

எனினும் இந்த அணிகள் தங்களுக்குள் மோதும் வாய்ப்பு குறைவு. பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டி தென்மண்டலச் சுற்று, அகில இந்தியச் சுற்று எனச் சில நாள்களில் முடிந்துவிடுகிறது. ஒரு நாள் சறுக்கினால் ஆண்டு முழுதும் செய்த பயிற்சி அதோடு நின்றுவிடும். முதலமைச்சர் கோப்பை போன்ற போட்டிகளும் இதே வடிவில்தான் நடக்கின்றன. இத்தகைய குறுகிய போட்டிகளில் பயிற்சியாளர்கள் தேர்ந்த ஆறேழு பேரையே களமிறக்குவர். பதினெட்டு வயது செட்டர் ஒருத்தி தோல்வியிலிருந்து கற்றுக்கொண்டு அடுத்த வாரமே அதே அணியை மீண்டும் எதிர்கொள்ளும் வாய்ப்பு அங்கே கிடைப்பதில்லை. செட்டர் என்பவர் பயிற்சிக் கூடத்தில் உருவாகிறவர் அல்லர். எதிரணியின் பிளாக்கைப் படித்து ஏமாற்றும் கலை, வெவ்வேறு எதிரணிகளோடு நூறு ஆட்டங்கள் ஆடிய பிறகே கைவரும்.

இருக்கும் அணிகளைக் கொண்டே வார இறுதிகளில் ஆறு மாதம் நடக்கும் மகளிர் லீக் ஒன்றை இப்பகுதியில் நடத்துவதற்குப் பெருஞ்செலவு தேவைப்படாது. பயணச் செலவு பேருந்துக் கட்டணத்தோடு முடியும், உள்ளரங்கமும் விடுதியும் நிறுவனங்களிடமே உள்ளன. தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை, காவல் துறை போன்ற வேலையளிக்கும் அமைப்புகளின் மகளிர் அணிகளும் அதில் சேர்க்கப்படுமானால், மாணவியருக்கு அனுபவமிக்க எதிரணியும், பணிக்குச் சென்றபின் ஆண்டுக்கு ஓரிரு போட்டிகளோடு முடங்கிவிடும் ஆட்டக்காரர்களுக்கு நீண்ட ஆட்டக்காலமும் கிடைக்கும். கேரளத்தில் இரண்டாவது வேலையளிப்பாளர் ஒருவர் வந்ததால் நேர்ந்த மாற்றமும், ஜப்பானில் ஆலைகளின் லீக்கால் நேர்ந்த மாற்றமும் இந்த வழியின் பயனை ஏற்கெனவே காட்டியிருக்கின்றன.

அடுத்த ஆசியப் போட்டியில் இந்திய மகளிர் எத்தனையாவது இடம் பெறுவர் என்பது நாளிதழ்களில் தலைப்பாகும். அதைவிட அடிப்படையான கணக்கு ஒன்று உண்டு: இருபது வயதுள்ள ஓர் இந்திய ஆட்டக்காரர் தமக்கு நிகரான அல்லது தம்மினும் வலிய அணியோடு ஓர் ஆண்டில் எத்தனை ஆட்டங்கள் ஆடுகிறார் என்பதே அது. அந்த எண்ணிக்கை ஜப்பானியரையும் தாய்லாந்தினரையும் நெருங்காத வரையில், தெற்காசியத் தங்கமும் ஆசியப் பின்வரிசையும் ஒரே அணியின் இரு பதிவுகளாக நீடிக்கும். அதை உயர்த்தும் பொறுப்பில், அணிகளும் அரங்குகளும் அருகருகே இருக்கும் தாம்பரம் போன்ற புறநகர்களுக்கும் பங்குண்டு.